மண்ணுக்குள் குடம், கேமனுக்குள் வேகம்

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் அடுத்த பேச்சு கிளம்பிவிடும். இதன் வேகமான வடிவம் எப்போது வரும், அதற்கு எந்த இன்ஜினை வைப்பார்கள்? ஆறு சிலிண்டரா, நாலா? டர்போ உண்டா? அதே கம்பெனியின் பெரிய காரில் இருக்கும் இன்ஜினைத் தூக்கி இதில் இறக்குவார்களா? கார்ப் பிரியர்களின் வெட்டிப் பேச்சு என்று இதைத் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடியில் கிடப்பது நம் தத்துவ நூல்கள் பல நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வி. இனிமேல் வரப்போகிற அந்த வேகம், இன்றைக்கே இந்தக் காருக்குள் இருக்கிறதா? இல்லை, நாளைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்படப் போகிறதா?

நான் பாலிடெக்னிக்கில் வெப்ப இயந்திரங்கள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கோவையில் வாரம் ஒரு மாலை சித்தாந்த வகுப்புக்குப் போய் வருகிறேன். தங்கை மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டு நலம் விசாரித்து முடிந்ததும் அவன் கேட்பது ஒன்றுதான்: "மாமா, கேமனுக்கு அடுத்து என்ன இன்ஜின் வைப்பாங்கன்னு நினைக்கறீங்க?" போர்ஷே கேமன். அவன் தினமும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிற கார் அது. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்லிவரும் பதில்தான்.

சைவ சித்தாந்தம் சற்காரியவாதம் பேசும். எந்தக் காரியமும் தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்தில் நுண்மையாக இருக்கிறது. இல்லாத ஒன்று புதிதாக முளைப்பதில்லை என்பது அதன் கட்சி. சாங்கியரும் இதையே சொல்வார்கள். குடம் மண்ணில் சூக்குமமாக இருந்தது. குயவன் கையில் அது தூலமாக வெளிப்பட்டது. தர்க்க மரபினரான நையாயிகர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குடம் மண்ணிலேயே இருந்ததென்றால் குயவன் எதற்கு? மண்ணிலேயே தண்ணீர் மொள்ளலாமே? குடம் என்பது முன்பு இல்லாத புதுப்பொருள் என்பார்கள். நல்ல கேள்வி. சித்தாந்திகள் அதற்குத் தருகிற பதிலும் நல்ல பதில்: புதுப்பொருள் என்றால் மண்ணிலிருந்து துணி ஏன் வரவில்லை? நூலிலிருந்து குடம் ஏன் வரவில்லை? எதிலிருந்தும் எதுவும் வந்துவிடாது. வரக்கூடியது எதுவோ அது மட்டுமே வரும். அந்த வரக்கூடிய தன்மையைத்தான் 'உள்ளே இருக்கிறது' என்கிறோம்.

உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நிறுவ வருகிற, சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்துக்கு இந்த வாதம் அடித்தளம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதற்கு எழுதிய மாபாடியத்தில் எதிர்க்கட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்து விசாரிப்பதைப் படிக்கும்போது, ஒரு நல்ல இன்ஜினீயர் பழுதான இயந்திரத்தை விசாரிக்கிற அதே பொறுமை எனக்குத் தெரியும். மூன்று காரணங்களை அங்கே பிரித்துச் சொல்வார்கள். மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம்.

இப்போது கேமனுக்கு வருவோம். காரில் இன்ஜின் இந்த மூன்றில் எது?

'அடுத்து என்ன இன்ஜின்' என்று கேட்பவர்கள் எல்லாரும் இன்ஜினையே முதற்காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். 300 குதிரைத்திறனை எடுத்துவிட்டு 500-ஐ வைத்தால் வேகம் வந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. நையாயிகர் கட்சி இது. வேகம் வெளியிலிருந்து வருகிறது, வந்த பிறகு கார் வேறு கார் ஆகிவிடுகிறது. நான் மறுபக்கம் நிற்கிறவன். எனக்கு இன்ஜின் துணைக்காரணம்தான். காரணத்தை வரலாற்றிலிருந்தே சொல்கிறேன்.

1948-இல் ஆஸ்திரியாவின் க்மூண்ட் என்ற மலையூரில் போர்ஷே பெயரில் முதல் கார் உருவானது. 356 நம்பர் 1. அதற்கென்று தனி இன்ஜின் செய்ய வசதி இல்லை. போர் முடிந்து மூன்றே ஆண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1.1 லிட்டர் இன்ஜினை எடுத்தார்கள். மெருகேற்றிய பிறகும் 35 குதிரைத்திறன்தான். ஆனால் ஒரு காரியம் செய்தார்கள். பீட்டிலில் அது பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து அப்படியே முன்பின்னாகத் திருப்பி, இன்ஜின் ஓட்டுநர் முதுகுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வரும்படி உட்கார வைத்தார்கள். விற்பனைக்கென்று 356 தயாரானபோது, பின்னால் சாமான் வைக்கவும் ஆள் உட்காரவும் இடம் வேண்டுமென்று இன்ஜின் மறுபடி அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. 1963-இல் வந்த 911 அந்த ஏற்பாட்டையே வாங்கிக்கொண்டது, சாலைக் காரில் இன்றுவரை விடவில்லை.

நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்பதை என் மாணவர்களுக்கு ஓர் இரும்புக் கம்பியையும் இரண்டு குண்டுகளையும் வைத்துக் காட்டுவேன். குண்டுகளைக் கம்பியின் இரு முனைகளில் மாட்டிவிட்டு நடுவில் பிடித்து இடமும் வலமும் திருப்பச் சொல்வேன். கம்பி முரண்டு பிடிக்கும். திரும்பத் தொடங்கவும் நேரமாகும், தொடங்கினால் நிற்கவும் மாட்டேன் என்னும். அதே குண்டுகளை உள்ளங்கைக்கு இரு புறமும் நெருக்கமாகத் தள்ளியபின் திருப்பச் சொன்னால் மணிக்கட்டு நினைத்த மாத்திரத்தில் திரும்பும். எடை மாறவில்லை, எடை இருக்கும் இடம்தான் மாறியது. பாடப்புத்தகம் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. இன்ஜின் நடுவில் இருக்கிற காரில் வளைவு தொடங்கும் இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை அசைத்தால், மூக்கு அப்போதே அசைகிறது. கேமனின் இயல்பு என்று நான் சொல்வது இதைத்தான். 2005-இல் அது வந்த நாளிலிருந்து இந்த இயல்பு அதற்கு உண்டு.

மருமகன் இதைச் சும்மா விடவில்லை. "சக்கரம் குடத்தோட கூட வராதுங்களே, மாமா. இன்ஜின் காரோடவே இருக்குது. அதை எப்படித் துணைக்காரணம்ங்கறீங்க?"

கேட்க வேண்டிய கேள்வி. இன்ஜின் காரின் உடம்போடு கலந்துதான் இருக்கிறது. வெறும் கருவி என்று ஒதுக்க முடியாது. ஆனால் முதற்காரணத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. குடமானாலும் ஓடானாலும் மண் விடாமல் தொடர்ந்து வரும். கேமனில் அப்படித் தொடர்ந்து வந்தது எது? 2005-இல் 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 295 குதிரைத்திறன். 2015-இல் முதல் ஜிடி4 வடிவத்துக்கு 911 கரேரா எஸ்ஸின் 3.8 லிட்டர் இன்ஜின், 385 குதிரைத்திறன். 2016-இல் ஆறு சிலிண்டரே போய், நாலு சிலிண்டர் டர்போ. 2019-இல் ஜிடி4 வடிவத்துக்கு டர்போ இல்லாமல் மறுபடி ஆறு, இம்முறை 4 லிட்டர். இன்ஜின்கள் வந்தன, போயின. எந்த ஒன்றும் நிலைக்கவில்லை. ஆள், ஆளுக்குப் பின்னால் இன்ஜின், இன்ஜினுக்குப் பின்னால் அச்சு என்கிற வரிசை மட்டும் ஒரு முறையும் மாறவில்லை. மண் அதுதான்.

அப்படியானால் எந்த இன்ஜினை வைத்தாலும் சரியா? இல்லை. 2016-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு காருக்கு 718 என்ற பெயரைச் சேர்த்தார்கள். 1957-இல் ஓடத் தொடங்கிய பந்தயக் காரின் பெயர் அது. அதற்கும் நாலு சிலிண்டர்தான், 1959-இலும் 1960-இலும் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றது. நாலு சிலிண்டருக்கு வம்சம் இருக்கிறது என்று காட்டினார்கள். புதிய எஸ் வடிவத்துக்கு 2.5 லிட்டர் டர்போ, 350 குதிரைத்திறன். தானியங்கி கியரும் ஸ்போர்ட் க்ரோனோ பொதியும் சேர்த்து எடுத்தால் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.2 நொடியில் தொடும். மூன்று ஆண்டு கழித்து வந்த, அதைவிட விலை கூடிய, ஆறு சிலிண்டர் ஜிடி4 கைக்கியரில் 4.4 நொடி எடுத்துக்கொண்டது. தாளில் நாலு சிலிண்டர்தான் முந்துகிறது. ஆனாலும் பிரியர்கள் ஆறு சிலிண்டரைத்தான் கொண்டாடினார்கள். இதைப் பழம்பற்று என்று சிலர் எழுதினார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை.

படுத்த வாக்கில் எதிரெதிரே சிலிண்டர்கள் கிடக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிஸ்டன் வெளியே போகும்போது எதிர்ப்பக்கத்துப் பிஸ்டனும் வெளியே போகிறது. உள்ளே வரும்போது அதுவும் உள்ளே வருகிறது. ஒன்றின் உதறலை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. ஆறில் இந்தக் கணக்கு மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். நாலில் சிறிது ஆட்டம் தங்கிவிடும். டர்போவுக்கு இன்னொரு குணம் உண்டு. கால் மிதித்த பிறகு வெளியேறும் புகை சக்கரத்தைச் சுழற்றி, அது காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளே வந்து சேர ஒரு கணம் ஆகும். நேர்ச்சாலையில் அந்தக் கணம் யாருக்கும் தெரியாது. வளைவின் நடுவில், விரற்கடை அசைவுக்கு மூக்கு உடனே பதில் சொல்லும் ஒரு காரில், காலுக்கு மட்டும் பதில் தாமதித்து வந்தால் தெரியும். கையும் காலும் வேறு வேறு நேரத்தில் வாழ்கின்றன. வேகம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த மண்ணில் இருந்த குடம் அது இல்லை.

2019-இல் அவர்கள் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. அந்த 4 லிட்டர் இன்ஜின், 911 கரேராவின் 3 லிட்டர் டர்போ இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. டர்போவுக்கென்றே பிறந்த குடும்பம். அதிலிருந்து டர்போவை எடுத்துவிட்டு, கொள்ளளவைக் கூட்டி, நிமிடத்துக்கு 8000 சுற்றுவரை தானாக மூச்சு விட வைத்தார்கள். 420 குதிரைத்திறன். உலகம் முழுக்கச் சின்ன இன்ஜினுக்கு டர்போ வைத்துக்கொண்டிருந்த காலத்தில் டர்போவைக் கழற்றி ஒரு காரின் இயல்பைத் திறந்தது பெரிய காரியம். நிமித்த காரணம் என்று சித்தாந்தம் ஏன் தனியாக ஒன்றைச் சொல்கிறது என்பது இங்கே புரியும். மண்ணும் சக்கரமும் தாமாகவே கூடி இந்த முடிவுக்கு வந்திருக்காது. அறிவுடைய ஒருவர் வேண்டும்.

இந்தக் கேள்வி கேமனோடு பிறந்ததும் இல்லை. 1969-இல் வந்த 914-உம் நடு இன்ஜின் கார்தான். எளிய வடிவத்துக்கு ஃபோக்ஸ்வாகனின் நாலு சிலிண்டர், 80 குதிரைத்திறன். வேகமான 914/6-க்கு 911 டி-யின் ஆறு சிலிண்டர், 110. இதற்கு மேல் என்ன என்று அன்றைக்கும் கேட்டார்கள். 908 பந்தயக் காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்து 914/8 என்று இரண்டே இரண்டு கார் செய்தார்கள். ஒன்று, கம்பெனியை நடத்திவந்த ஃபெர்ரி போர்ஷேயின் அறுபதாம் பிறந்தநாள் பரிசு. 1971-இல் 911 எஸ்ஸின் 190 குதிரைத்திறன் இன்ஜினோடு 916 தயாரானது. பதினொரு வண்டியோடு நிறுத்திவிட்டார்கள், கடைக்கு வரவில்லை. அடக்கவிலை கூடிப்போனதுதான் காரணம்.

கேமனையும் நெடுங்காலம் அடக்கியே வைத்திருந்தார்கள் என்பது எண்களைப் பார்த்தால் தெரியும். 2005-இல் கேமன் எஸ்ஸுக்கு 295, அடிப்படை 911-க்கு 325. அடுத்த தலைமுறையில் 325-க்கு 350. 2016-இல் 350-க்கு 370. தம்பி ஒவ்வொரு படி ஏறும்போதும் அண்ணன் ஒரு படி மேலே ஏற்றப்பட்டான். மருமகனுக்கு இது அநியாயமாகப் படும். "திறமை இருக்கறவனைக் கட்டி வைக்கறாங்க" என்பான்.

வகுப்பில் திரோதானம் படித்த மாலை எனக்கு இது நினைவுக்கு வந்தது. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலாகிய திரோதானமும் ஒன்று. உயிரின் பேராற்றலை மறைப்பது ஆணவம். ஆனால் அந்த ஆணவத்தோடு சேர்ந்து நின்று அதை உழைக்கவைத்து, பக்குவம் வரும்வரை உயிரை உலகத்தில் அழுந்தச் செய்கிற இறைவனின் மறைப்பாற்றல் வேறு. அதைச் சித்தாந்தம் அருளின் பக்கமே சேர்க்கிறது. ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலை அருள் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே லாபக் கணக்குதான் இருந்திருக்கும். ஆனாலும் பலன் ஒன்று விளைந்தது. குறைந்த இன்ஜினோடு பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடியதில் சட்டகமும் சஸ்பென்ஷனும் பிரேக்கும் பக்குவப்பட்டன. 2015 ஜிடி4-க்கே முன் அச்சும் பிரேக்கும் பெரும்பாலும் 911 ஜிடி3-இலிருந்து வந்துவிட்டன. பெரிய இன்ஜின் வந்தபோது தாங்க உடம்பு தயாராக இருந்தது. முதல் நாளே 500 குதிரைத்திறனை ஏற்றியிருந்தால் அந்த 2005 உடம்பு என்ன பாடு பட்டிருக்கும் என்பதை வண்டி தெரிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

2021 நவம்பரில் ஜிடி4 ஆர்எஸ் வந்தது. இங்கேதான் நையாயிகர் வலுவாக நிற்கிறார். 911 ஜிடி3-இன் 4 லிட்டர் இன்ஜினையே எடுத்து வைத்துவிட்டார்கள். 500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9000 சுற்று. நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் சாதாரண ஜிடி4-ஐவிட ஒரு சுற்றில் 23.6 நொடி மிச்சம் பிடித்தது. முன் அச்சும் 911, இன்ஜினும் 911 என்றால், கேமனில் கேமன் எங்கே? வெளியிலிருந்து வந்த வேகம்தானே இது?

ஒரு சிறிய எண்ணைப் பாருங்கள். ஜிடி4-இன் இன்ஜினுக்கும் ஆர்எஸ்ஸின் இன்ஜினுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 102 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரமும் ஒன்றே, 81.5 மில்லிமீட்டர். அளவில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று 8000 சுற்றோடு நின்று, நெருக்கடி இல்லாத சாலையில் மூன்று சிலிண்டரைத் தூங்கவைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். மற்றொன்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ராட்டில். பந்தயத் தடத்தில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கத் தனித் தொட்டி. பருமன் ஒன்றாக இருந்தும் குணம் இவ்வளவு வேறுபடுகிறது. இன்ஜினை எண்களால் மட்டும் அளந்து 'இது வரும், அது வரும்' என்று ஊகிப்பது எவ்வளவு மேலோட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று. 911-இல் அச்சுக்குப் பின்னால் இருந்த அந்த இன்ஜினைக் கேமனில் வைக்க, அதை முன்பின்னாகத் திருப்பினார்கள். க்மூண்டில் 1948-இல் பீட்டில் இன்ஜினுக்குச் செய்த அதே காரியம். பின்பக்கச் சின்ன ஜன்னல்களை எடுத்துவிட்டு அங்கே காற்று வாய்களை வைத்தார்கள்; ஓட்டுநரின் காதுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் மூச்சை இழுக்கிறது. அதே இன்ஜின் 911-இல் இப்படி ஒலிக்காது, ஒலிக்கவும் முடியாது. அங்கே அது இருக்கும் இடம் வேறு. இன்ஜின் கேமனை மாற்றியதைவிட, கேமன் இன்ஜினை அதிகம் மாற்றிவிட்டது. அதோடு, 2017 பந்தயப் பருவத்துக்கு 911 ஆர்எஸ்ஆர் காரைத் தயார்செய்தபோது, அண்ணனுடைய இன்ஜினையே அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். தம்பியின் இடத்துக்கு அண்ணன் வந்தான். எது எதற்குள் இருந்தது என்பதில் எனக்கு அதற்கு மேல் ஐயம் இல்லை.

ஆனால் வேகத்தின் மேல் நமக்கு இருக்கும் ஆசையை இந்த வாதத்தால் நியாயப்படுத்திவிட முடியாது. கார் தனக்கு வேகம் வேண்டுமென்று கேட்பதில்லை. கேட்பவர்கள் நாம். உச்ச கியரில் 9000 சுற்றைத் தொட அனுமதிக்கிற பொதுச்சாலை உலகத்தில் அநேகமாக இல்லை. வரம்பில்லாத ஜெர்மன் ஆட்டோபானிலும் முன்னால் ஒரு லாரி இருக்கும். இருப்பதை அனுபவிக்காமல் அடுத்ததையே பேசிக்கொண்டிருக்கிற மனம் ஆணவத்தின் வேலை என்று என் ஆசிரியர் சொல்வார், நானும் ஏற்கிறேன். ஆனால் ஊகிக்கிற எல்லா மனமும் அப்படிப்பட்டதில்லை. ஒரு பொருளுக்குள் இன்னும் வெளிப்படாமல் இருப்பது என்ன என்று உற்றுப் பார்ப்பதும் ஊகம்தான். 'இன்னும் வேண்டும்' என்பதும் 'இதற்குள் என்ன இருக்கிறது' என்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே பேச்சாகத் தெரியும். இரண்டாவதை நான் வழிபாட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

2025-இல் 718-இன் உற்பத்தி நின்றது. அடுத்தது மின்சாரக் கார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிறகு உச்ச வடிவங்களுக்குப் பெட்ரோல் இன்ஜினும் உண்டு என்று அதே ஆண்டு அறிவித்தார்கள். மருமகனின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முன்னைவிடச் சூடாகிவிட்டது. நான் கவனித்தது வேறொன்று. 2021-இல் மியூனிக் கண்காட்சிக்கு மிஷன் ஆர் என்ற மின்சாரப் பந்தய மாதிரிக் காரைக் கொண்டுவந்தார்கள். மின்சாரக் காரில் பேட்டரியைத் தரை முழுக்கப் பரப்புவதுதான் வழக்கம். அதில் பேட்டரியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், இன்ஜின் இருக்க வேண்டிய அதே இடத்தில் அடுக்கியிருந்தார்கள். சிலிண்டர் இல்லை, பிஸ்டன் இல்லை, பெட்ரோல் இல்லை; பாரம் மட்டும் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் அவனிடம் இப்போது இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த கேமனின் குதிரைத்திறன் எவ்வளவு என்று எனக்கு அனுப்பாதே. பாரத்தை எங்கே வைக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். தரையில் பரப்பிவிட்டார்களென்றால், அது ஆயிரம் குதிரைத்திறனோடு வந்தாலும் நான் அதை வேறொரு கார் என்றே எடுத்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்களென்றால், ஆறு சிலிண்டரா மின்மோட்டாரா என்பதைப் பிறகு சாவகாசமாகப் பேசுவோம்.